இளைப்பாறியபின் ஏடு தேடியவர்

"பண்டிதர் ஐயா, எங்கள் அதிபர் வருகிற மாதம் இளைப்பாறுகிறார். சேவைநலன் பாராட்டு விழாவிலே வாசித்தளிக்க ஒரு வாழ்த்துப்பா எழுதித் தரவேண்டும்" என்று கேட்டுக்கொண்டு எம் வீட்டுப் படலையைத் திறந்து வருவோர் ஆண்டுதோறும் பலர். கேட்டவர்க்கு இல்லையென்னாது யான் எழுதிக்கொடுத்த வாழ்த்துப்பாக்கள் இன்று ஒரு பெருங்கட்டாகச் சேர்ந்துவிட்டன. அண்மையிலே அவற்றின் பிரதிகளை ஒருங்கே வைத்துப் படித்துப் பார்த்தேன். எதுகையிலோ மோனையிலோ பெரும்பிழை கண்டிலேன். ஆயினும், எல்லாவற்றிலும் ஒரேவகையான குறை இருந்தது. ஒவ்வொன்றிலும் முதல் நான்கு பாக்கள் அவ்வாசிரியர் செய்து முடித்த தொண்டினைப் புகழ்கின்றன. ஐந்தாம் பா, இனி இனிதே ஓய்ந்து பல்லாண்டு வாழ்க என வாழ்த்தி முடிகின்றது. நாளைக் காலையில் எழுந்து அவர் என்ன செய்வார் என்பது பற்றி ஒரு சீர்தானும் இல்லை. ஓர் அசைதானும் இல்லை.

இக்குறையை எனக்கு உணர்த்தியது ஒரு காட்சி. யான் வாழ்த்துப்பா எழுதிய ஆசிரியர் ஒருவரை, அவர் இளைப்பாறி ஆறு மாதங் கழிந்தபின், ஒருநாட் காலையிற் காணச் சென்றேன். முப்பத்தைந்து ஆண்டு கணிதம் படிப்பித்தவர். வகுப்பிலே நின்றால் அடுத்த வளவுக்குக் கேட்கும் குரலுடையவர். முன்விறாந்தையிலே சாய்மனைக் கதிரையிற் படுத்திருந்தார். அயலிலுள்ள பாடசாலையின் மணியோசை கேட்டது. அவர் தலையை உயர்த்திச் சுவர்க் கடிகாரத்தை நோக்கினார், "முதலாம் பாடம் தொடங்கிவிட்டது" என்றார், மீண்டும் சாய்ந்துகொண்டார். நாற்பது நிமிடங் கழித்து அடுத்த மணி அடித்தபோதும் அவ்வாறே நோக்கினார். அவர் தலைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துள், யான் எழுதிய வாழ்த்துப்பா தொங்கிக்கொண்டிருந்தது. அதனை நிமிர்ந்து பார்க்க எனக்கு நாணமாயிருந்தது.

முதுமையைப் பழித்தற்கோ, இளைப்பாறினாரை இகழ்தற்கோ யான் இதனை எழுதவில்லை. அரைநூற்றாண்டுக்கு அண்மித்த காலம் உழைத்தவன் சிறிது காலஞ் சாய்ந்திருப்பது அவனுக்கு உரிய உரிமையே. ஆனால், சாய்ந்தவன் மீண்டும் எழுதற்கு ஒரு காரணம் வேண்டுமன்றோ? அக்காரணத்தை எங்கே, எப்பொழுது தேடுவது என்பதே இங்கு ஆராயப்புகும் பொருள்.

இளைப்பாறுதல் என்னுஞ் சொல்

பணியினின்றும் விலகுதலை ஈழநாட்டுத் தமிழர் 'இளைப்பாறுதல்' என்று வழங்குகின்றனர். தமிழகத்தார் 'ஓய்வு பெறுதல்' என்பர். இவ்விரண்டனுள் நம்முடைய வழக்கே பொருட்சிறப்பு உடையதென்பது என் கருத்து. ஓய்தல் என்பது ஒழிதல் என்னும் பொருளையும் தழுவி நிற்பது. மழை ஓய்ந்தது, அலை ஓய்ந்தது என்றாற்போல. இளைப்பு ஆறுதலோ அவ்வாறன்று. இளைப்பு என்பது நடந்தவனுக்கு உண்டாவது. ஆறுதல் என்பது தணிதல். வழிநடந்து களைத்தவன் ஒரு மரநிழலில் இருந்து களை தணிந்தபின் என் செய்வான்? எழுந்து நடப்பான். எனவே, மேற்செல்லும் பயணம் ஒன்று உண்டென்னும் குறிப்பு அச்சொல்லினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்திலே சுமைதாங்கிக் கற்கள் இன்றும் ஆங்காங்கு நிற்கின்றன. மடமும் கேணியும் ஆவுரோஞ்சிக் கல்லும் அவற்றுக்கு அயலே இருப்பதுண்டு. தலைச்சுமையோடு சந்தைக்குச் செல்வோர், பிறர் துணையின்றித் தாமே சுமையை இறக்கி வைத்து, தாமே மீண்டும் ஏற்றிக்கொள்ளத்தக்க உயரத்தில் அக்கற்களை நம் முன்னோர் நாட்டினர். சுமையை எறிந்துவிட்டுப் போதற்கு அவர்கள் இடஞ்செய்யவில்லை. அறுபதாம் வயதும் அத்தகைய ஒரு சுமைதாங்கியே எனக் கொள்ளலாம். வேண்டுமாயின், பழஞ்சுமையை அங்கேயே விட்டு, வேறொரு சுமையை எடுத்துக்கொண்டு நடக்கலாம்.

அறுபது என்னும் எண்ணுக்கு நம்மவர் மரபில் வேறொரு பொருளும் உண்டு. பிரபவ முதல் அட்சய ஈறாக ஆண்டுகள் அறுபது. ஒருவன் பிறந்த ஆண்டு அவனுடைய அறுபது வயது நிறைவிலே அதே பெயரோடு மீண்டும் வருகின்றது. அதனை மணிவிழாவாகக் கொண்டாடுகின்றோம். கணவனும் மனைவியும் மீண்டும் மாலை சூடுகின்றனர். முடிவைக் கொண்டாடும் விழாவாயின் அங்கே மணக்கோலம் எதற்கு? சக்கரம் ஒருமுறை சுற்றி முடிந்து மறுமுறை தொடங்குகின்றது என்பதே அவ்விழாவின் உட்கோள்.

ஐம்பதில் வளைந்தவர்

இவை யாவும் சொல்லளவில் இனியவையே. செயலளவில் நடந்துகாட்டியவர் யாவர் என்று வினவுவார்க்கு விடைகூற வெகுதூரஞ் செல்லவேண்டியதில்லை. சிறுப்பிட்டிக்குச் சென்றாற் போதும்.

சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை தாமோதரம்பிள்ளை 1832 ஆம் ஆண்டு பிறந்தவர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் கற்று, சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடத்தே தமிழிலக்கணம் பயின்றவர். சிலகாலம் கோப்பாயிலே ஆசிரியராயிருந்தார். பின்னர்ப் பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பின்மேற் சென்னை சென்று 'தினவர்த்தமானி' பத்திரிகையை நடத்துந் தொழிலில் அமர்ந்தார். 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர் அவர். மற்றவர் அவருக்கு வட்டுக்கோட்டையில் ஆசிரியராயிருந்த விசுவநாதபிள்ளை. அதன்பின் கள்ளிக்கோட்டையிலே சிறிதுகாலம் ஆசிரியத்தொழில் புரிந்து, சென்னை அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்குச் சாலையிற் புகுந்து, அங்கே விசாரணைக் கர்த்தராக உயர்ந்தார். 1882 இல், ஐம்பதாம் வயதளவில், அப்பணியினின்றும் இளைப்பாறினார்.

அவருடைய வாழ்வு அவ்வளவில் முடிந்திருக்குமாயின், முதற் பட்டதாரி என்ற பெயரொன்று நின்றிருக்கும். சென்னை உத்தியோகத்தில் உயர்ந்த யாழ்ப்பாணத்தார் ஒருவர் என்று இரண்டு வரி எழுதப்பட்டிருக்கும். தமிழ்கூறு நல்லுலகம் இன்று அவரை எதற்காக வணங்குகின்றதோ, அதன் பெரும்பகுதி 1882 இன் பின்னரே நிகழ்ந்தது.

இளைப்பாறியவர் கும்பகோணஞ் சென்று வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். பின்னர்ப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே நீதிபதியாகவும் இருந்தார். இது உலகறிய நடத்திய இரண்டாந் தொழில். மனம் முழுதும் தோய நடத்திய தொழில் மற்றொன்று. செல்லரித்த ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டி, பிரதியோடு பிரதி ஒப்புநோக்கி, அச்சேற்றுதலே அது. 1883 இல் தணிகைப் புராணமும் இறையனாரகப்பொருளும். 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியருரையோடு. 1887 இல் கலித்தொகை. 1889 இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். 1891 இல் தொல்காப்பிய எழுத்ததிகாரம். 1892 இல் சொல்லதிகாரத்துக்கு நச்சினார்க்கினியருரை. பத்தாண்டில் எட்டுப் பதிப்புக்கள். எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சுவாகனமேறியது கலித்தொகையே என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம்மவர் வாயிற் பயின்ற பழமொழி. தாமோதரம்பிள்ளையின் வாழ்வு இப்பழமொழியைப் பொய்யாக்கியதா என்று ஓர் ஐயம் எழலாம். நுணுகி நோக்கின் அது பொய்யாக்கவில்லை, விளக்கஞ் செய்தது. ஐம்பதிலே வளைந்த அக்கொம்பு ஐந்திலும் இருபதிலும் நாற்பதிலும் சிறிது சிறிதாக வளைந்து பழகியிருந்தது. அப்பழக்கத்தைக் காண்பதே நமக்குப் பயன் தருவதாகும்.

முன்னரே இட்ட வித்து

தாமோதரம்பிள்ளை முதன்முதல் நூல் வெளியிட்டது இளைப்பாறியபின் அன்று. 1854 இல், இருபத்திரண்டு வயது நிரம்புங் காலத்தே, நீதிநெறி விளக்கத்தை உரையோடு வெளியிட்டார். 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரஞ் சேனாவரையருரையைப் பதிப்பித்தார். அப்பதிப்பைத் தாமே தனித்துச் செய்ய அவர் துணியவில்லை. நல்லூர் ஆறுமுக நாவலரைக் கொண்டு பரிசோதிப்பித்தே வெளியிட்டார். கணக்குச் சாலை உத்தியோகத்தர் ஒருவர், அக்காலப் பட்டங்களுள் உயர்ந்ததைப் பெற்றவர், தமக்கு மேற்பட்ட புலமை உடையாரிடம் மாணவர்போல் ஒதுங்கி நின்று அத்தொழிலின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டார். 1879 இல் நாவலர் மறைந்தபின்னர், 1881 இல் வீரசோழியத்தைத் தாமே பரிசோதித்துப் பதிப்பித்தார். அதற்கு அடுத்த ஆண்டே இளைப்பாறினார். முதற் பெரும்பதிப்புக்கும் இளைப்பாறுதலுக்கும் இடையிலே கிடந்தவை பதினான்கு ஆண்டுகள்.

வழக்கறிஞர் தொழிலும் அவ்வாறே. சட்டப் பட்டத்துக்குரிய தேர்வில் அவர் தேறியது 1871 இல். அதனைத் தொழிலாகக் கைக்கொண்டது பதினொரு ஆண்டு கழித்து. பகலெல்லாம் கணக்கேட்டிலே கண்பதித்தவர் இரவிலே சட்டநூல் படித்தார் போலும். ஏழாலையிலே தமிழ்ப் பாடசாலையொன்றை நிறுவியதும் உத்தியோகத்திலிருந்த காலத்திலேயே. சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் ஆசிரியராயிருந்தது அப்பாடசாலையிலேதான்.

ஆகவே, இளைப்பாறும் நாளன்று புதுத்தொழில் தேடப் புறப்பட்டவரல்லர் அவர். நெல் விதைப்பவன் மழை பெய்தபின் நிலத்தைத் தேடிச் செல்வதில்லை. மழைக்கு முன்னரே உழுது வைக்கின்றான். நம்முள் பலர், 'இளைப்பாறியபின் பார்த்துக்கொள்வோம்' என்கின்றோம். பார்த்துக்கொள்ளவேண்டியது இளைப்பாறுதற்குப் பத்தாண்டு முன்னர் என்பதே அவர் வாழ்வு காட்டும் முதற் பாடம்.

பழந்தொழில் புதுத்தொழிலுக்கு உதவுமாறு

இரண்டாவது பாடம் ஒன்றும் உண்டு. புதுத்தொழிலிற் புகுவோர், பழைய தொழிலிற் கற்றவற்றை வீணென்று எண்ணிக் கவலுதல் இயல்பு. தாமோதரம்பிள்ளையின் மூன்று தொழில்களையும் அருகருகே வைத்து நோக்குமின். கணக்குச் சாலையிலே அவர் பழகியது யாது? ஓரிடத்து எண்ணை மற்றோரிடத்து எண்ணோடு ஒப்புநோக்கி வேறுபாடு கண்டு, அவ்வேறுபாட்டின் காரணத்தைத் துருவுதல். வழக்குமன்றத்திலே பழகியது யாது? முரண்பட்ட சாட்சிகளுள் எது நம்பத்தக்கது என நிறுத்துப் பார்த்தல். சுவடி பரிசோதிப்பவனுக்கு வேண்டுவன இவ்விரண்டு அன்றி வேறென்ன? ஐந்து ஊரிலிருந்து வந்த ஐந்து பிரதிகள் ஒரு சொல்லை ஐந்து வகையாகக் காட்டும்போது, ஒப்புநோக்குங் கணக்கனும் நிறுத்துப் பார்க்கும் நீதிபதியும் ஒருவரிடத்தே இருந்தது தமிழின் நற்பேறு என்றே யான் கருதுகின்றேன்.

வகுப்பறையிலே நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கடினமான பொருளை எளிதாக்கிச் சொல்லப் பழகிய ஆசிரியருக்கும், கச்சேரியிலே கோவைகளை ஒழுங்காக வைத்துப் பழகிய இலிகிதருக்கும், தபாற்கந்தோரிலே ஊரின் ஒவ்வொரு வீட்டையும் அறிந்த உத்தியோகத்தருக்கும் இத்தகைய கைமுதல் உண்டு. அது பணமாகக் கண்ணுக்குத் தெரியாமையால் அதனை எண்ணிப்பார்க்க மறந்துவிடுகின்றோம்.

மூன்றாவது, பொருள் பற்றியது. பதிப்புத்தொழில் அவருக்குச் செல்வந் தந்ததன்று. அவர் செல்வத்தை உண்டது. ஏடு தேடற்கும், பிரதி செய்வித்தற்கும், அச்சிடுதற்கும் ஆன செலவைத் தாங்க ஓய்வூதியமும் வழக்கறிஞர் வருவாயும் துணைநின்றன. மனத்துக்கு உகந்த தொழில் வயிற்றுக்கும் உதவுமென்று எதிர்பார்த்து ஏமாறாமல், வயிற்றுக்கு ஒன்றும் மனத்துக்கு ஒன்றுமாக இரண்டை வகுத்துக்கொண்ட உலகியலறிவு அவருக்கு இருந்தது. இலட்சியம் பேசுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

நான்காவது, பிழைக்கு அஞ்சாமை. பொருளதிகாரப் பதிப்பு முழுவதும் நச்சினார்க்கினியருரை என்றே 1885 இல் வெளிவந்தது. பிற்பகுதியிலுள்ள மெய்ப்பாட்டியல் முதலிய நான்கு இயல்களின் உரை பேராசிரியர் செய்ததென்பதைப் பின்வந்த அறிஞர் நிறுவினர். பிழை நேர்ந்ததுண்மை. ஆயினும், பிழை நேருமென்று அஞ்சி அச்சுவடிகளை அவர் கட்டியே வைத்திருப்பாராயின், திருத்துவார்க்குத் திருத்த ஒரு நூலேனும் கிடைத்திராது. பூச்சிகளுக்கே அது விருந்தாகியிருக்கும். முதியவர்கள் புதுத்தொழிலில் இறங்கத் தயங்குதற்குப் பெருங்காரணம், இத்தனை வயதுக்குமேல் பிறர் நகைக்கப் பிழைவிடுவதா என்னும் கூச்சமே. அக்கூச்சத்தை வென்றவர்க்கே இரண்டாம் இளமை வாய்க்கும்.

சிறந்தது பயிற்றல்

இவ்விடத்தே தமிழ் மாணவர் சிந்தித்தற்குரிய ஓர் ஒற்றுமையைச் சொல்லாமல் மேற்செல்ல என் மனம் ஒருப்படவில்லை. இல்வாழ்வின் இன்பம் நிரம்பிய பிற்காலத்திலே தலைவனும் தலைவியும் செய்யத்தக்கது யாதென்று தொல்காப்பியர் கற்பியலின் இறுதிப் பகுதியில் ஒரு சூத்திரஞ் செய்துள்ளார். காவலாய் அமைந்த மக்களோடும், அறத்தை விரும்பிய சுற்றத்தோடும் கூடியிருந்து, சிறந்ததனைப் பயிற்றுதலே கழிந்த வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. உரைகாரர் விளக்கம் ஒருபுறமிருக்க, அங்குள்ள 'பயிற்றல்' என்னுஞ் சொல்லை நோக்குக. பயிலுதல் தன்வினை, பயிற்றுதல் பிறவினை. பலகாலும் செய்து பழகுதல் என்னும் பொருளோடு, பிறரைப் பழக்குதல் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. முதுமையிலே ஒருவன் தான் சிறந்ததென்று தெளிந்ததைத் தானுஞ் செய்து, தன்னைச் சூழ்ந்தார்க்குங் கைமாற்றல் வேண்டும் என்பது அதனாற் போதரும். ஒடுங்கியிருத்தல் என்றோ, உறங்கியிருத்தல் என்றோ அவர் கூறிற்றிலர்.

அச்சூத்திரத்தைத் தன்னகத்தே கொண்ட பொருளதிகாரத்தை, நச்சினார்க்கினியருரையோடு அச்சேற்றித் தமிழர் கையிற் கொடுத்தவர் யார்? உத்தியோகத்தினின்றும் இளைப்பாறி மூன்றாண்டு கழிந்திருந்த சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையே. சூத்திரத்தைப் பதிப்பித்தவரே சூத்திரத்துக்கு இலக்கியமாகவும் இருந்தார்.

1895 இல் அரசாங்கம் அவருக்கு இராவ்பகதூர்ப் பட்டம் வழங்கியது. 1901 ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் தேதி, இருபதாம் நூற்றாண்டு பிறந்த நாளிலே, அவர் மறைந்தார்.

அவர் ஒருவரே அன்று. கும்பகோணத்திலே அவர் வழக்கறிஞராயிருந்த காலத்தில் அவ்வூர்க் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், 1919 இல் சென்னை மாநிலக் கல்லூரியினின்றும் இளைப்பாறினார். அதன்பின், 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராயிருந்தார். பெருங்கதை 1924 இலும், குறுந்தொகை 1937 இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. தம் சரித்திரத்தை 1940 முதல் வாரந்தோறும் எழுதி, 1942 இல் மறையும்வரை எழுதிக்கொண்டேயிருந்தார். நம் மண்ணிலே, திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 1959 இல் இளைப்பாறினார். கந்தபுராணத் தக்ஷகாண்டத்துக்கு அவர் செய்த உரை வெளிவந்தது 1967 இல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் 1978 இல் அவருக்கு இலக்கிய கலாநிதிப் பட்டம் அளித்துத் தன்னைப் பெருமைப்படுத்திக்கொண்டது.

நாள் நம் கையில் இல்லை

இனி, நம் காலத்துக்கு வருவோம். இலங்கை அரசாங்க உத்தியோகத்தர் இளைப்பாறும் வயது, 2021 நவெம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தினால் 65 ஆக உயர்த்தப்பட்டது. ஓராண்டு செல்லுமுன்னரே, நாட்டின் பொருளாதார நெருக்கடியிடையே, அது மீண்டும் 60 ஆக்கப்பட்டது. 2022 டிசெம்பர் 31 ஆந் தேதி பல்லாயிரவர் ஒருங்கே பணியினின்றும் நீங்கினர். இன்னும் ஐந்தாண்டு உண்டென்று எண்ணியிருந்தோர்க்கு ஐந்து மாதமும் இல்லையாயிற்று. அதே ஆண்டு செப்தெம்பரிலே பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. ஓய்வூதியம் எண்ணளவிற் குறையவில்லை. அதன் வாங்கும் வலி மாத்திரம் பாதியளவிற் கரைந்தது.

இதிலிருந்து யாம் அறியத்தக்கது ஒன்றே. இளைப்பாறும் நாளைக் குறிப்பவர் யாம் அல்லேம். அதற்கு ஆயத்தஞ் செய்பவர் மாத்திரமே யாம். நாள் முந்தியும் வரும், பிந்தியும் வரும். ஆயத்தம் உடையவனுக்கு இரண்டும் ஒன்றே.

ஆயத்தம் என்றவுடன் ஆசிரியர் பலருக்கு நினைவுக்கு வருவது ரியூசன் ஒன்றே. அதனை யான் குறைகூறமாட்டேன். வருவாய்க்கு அது நேர்வழி. ஆயினும், காலையிற் செய்ததையே மாலையிற் செய்வதும், அறுபதுக்கு முன் செய்ததையே அறுபதுக்குப் பின் செய்வதும் புதுப்பயணமாகா. வயிற்றுக்கு அதனை வைத்துக்கொண்டு, மனத்துக்கு வேறொன்றைத் தேடுதல் வேண்டும்.

ஆசிரியைமார் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. ஓர் ஆசிரியையிடம், "இளைப்பாறியபின் என்ன செய்வதாக எண்ணம், அக்கா?" என்று வினவினேன். "தம்பி, பள்ளிக்கூடத்திலேயிருந்து மட்டுந்தானே இளைப்பாறுகிறேன்? குசினியிலேயிருந்து என்னை யார் இளைப்பாற விடுவார்?" என்றார். பேரப்பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பும் அவருக்காகக் காத்திருந்தது. வீட்டார் அவருக்கு நாளொன்றுக்கு இரண்டு மணிநேரத்தை ஒதுக்கிக் கொடுத்தாலன்றி, அவருடைய புலமைக்கு இரண்டாம் வாழ்வு இல்லை. ஆதலால், ஆயத்தஞ் செய்யவேண்டியவர் இளைப்பாறுபவர் மாத்திரமல்லர், அவருடைய வீட்டாருமே.

காத்துக் கிடக்கும் தொழில்கள்

எத்தொழிலைத் தேடுவது என்பார்க்கு, தமிழறிந்தார் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுவேன். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் மீண்டும் பெறமுடியாத சுவடிகளும் இருந்தன. எஞ்சியவை நம் வீடுகளிலே உள்ளன. பெட்டகத்தின் அடியிலும், பரணிலும், கோயில் மலர்களும் பழஞ்சஞ்சிகைகளும் நாட்குறிப்புக்களும் வைத்திய, சோதிட ஏடுகளும் கிடக்கின்றன. 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இத்தகையவற்றைப் படியெடுத்து உலகோர் காணுமாறு வைத்துவருகின்றது. ஊருக்கு ஓர் இளைப்பாறிய ஆசிரியர் தம் ஊரிலுள்ள ஏடுகளையும் இதழ்களையும் தேடி எடுத்துக்கொடுப்பாராயின், அது ஒரு பெருந்தொண்டாகும். வயலிலும் தோட்டத்திலும் கடலிலும் தொழில்செய்யும் முதியோர் வாயில் மாத்திரம் வாழும் சொற்களைத் தொகுத்தல் மற்றொன்று. ஊர்ப் பெயர்களுக்கும் குறிச்சிப் பெயர்களுக்கும் காரணம் விசாரித்து எழுதி வைத்தல் இன்னுமொன்று. இவற்றுக்குப் பட்டம் வேண்டா. பொறுமையும், சைக்கிளும், ஒரு கொப்பியும் போதும். ஆனால், இளைப்பாறியபின் தொடங்குவோம் என்று இருந்தால், சொல்லத்தக்க முதியோர் அதுவரை இருப்பாரென்பது நிச்சயமன்று.

பிறர்க்கு உபதேசஞ் சொல்பவன் தன் நிலையையுஞ் சொல்லக் கடமைப்பட்டவன். எனக்கும் இளைப்பாறுதற்கு இன்னுஞ் சில ஆண்டுகளே உள்ளன. 1995 ஒக்டோபர் 30 ஆந் தேதி இரவு, வலிகாமத்து மக்கள் அனைவரும் மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, என் தந்தையார் ஒரு துணிமூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அரிசியோ நகையோ என்று எண்ணியிருந்தோம். தென்மராட்சியிலே ஒரு பாடசாலைக் கட்டடத்துள் ஒதுங்கியபின் அவிழ்த்துப் பார்த்தால், அது பாட்டனாருடைய வைத்திய ஏட்டுக் கட்டு. அன்று அன்னையார் சிறிது கோபித்ததும் உண்டு. தந்தையார் மறைந்து பலவாண்டு கழிந்தும் அக்கட்டு என் அலுமாரியிலேயே கிடந்தது. பண்டிதன் என்று பெயர் படைத்தும், புள்ளியில்லாத அவ்வோலை எழுத்தைத் தட்டுத்தடுமாறியே என்னாற் படிக்க முடியும். இளைப்பாறியபின் ஆறுதலாகப் பார்ப்போம் என்று யானும் சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

சென்ற தைமாதம் அக்கட்டை அவிழ்த்தேன். இரண்டு ஓலைகள் ஓரத்தில் உதிர்ந்தன. அன்றுமுதல், சனிக்கிழமைதோறும், ஏடு வாசிக்கவல்ல முதியவர் ஒருவரிடஞ் சென்று, மாணவனாய் இருந்து எழுத்துக் கற்கின்றேன். என்னிலும் இருபது வயது மூத்தவர் அவர். யான் பிழையாக வாசித்தால் தயங்காது கண்டிக்கின்றார். இதுவரை பதினொரு ஓலைகளைப் படியெடுத்துள்ளேன். கட்டிலே நூற்றுக்கு மேற்பட்ட ஓலைகள் உள்ளன.

சாய்மனைக் கதிரையில் இருந்த அக்கணித ஆசிரியரை அண்மையில் மீண்டுஞ் சந்தித்தேன். அவ்வேட்டிலுள்ள நிறுத்தலளவைகளும் முகத்தலளவைகளும் எனக்கு விளங்கவில்லை. கழஞ்சும் வராகனெடையும் பலமும் படியும் இக்காலக் கணக்கில் எவ்வளவாகும் என்று ஓர் அட்டவணை செய்து தரவேண்டுமென்று கேட்டேன். கதிரையினின்றும் நிமிர்ந்து இருந்தார். "அந்தக் கொப்பியை இங்கே கொண்டுவாரும்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது பாடசாலை மணி அடித்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து யான் எழுதும் வாழ்த்துப்பாவிலே ஆறாவது பா ஒன்று இருக்கும்.